பிரிக்காத பெட்டி

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றைத் திருஅவை புலம்பெயர்ந்தோர் மற்றும் குடிபெயர்ந்தோர் உலக நாளாகச் சிறப்பிக்கிறது. 1914-ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. எங்கள் பங்கில் அன்று திருப்பலியில் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளின் பெயர்களை வாசித்துச் செபிப்போம். தோகா, குவைத், துபாய், சிங்கப்பூர், இத்தாலி என்று ஊர்கள் மாறும். வீட்டுக்கு ஒருவராவது இருப்பதால், பட்டியலை வாசித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆகிவிடும்.

அந்தப் பிள்ளைகளின் உள்ளே நடக்கும் ஒரு போராட்டத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். வீட்டு நினைவு, ஊர் ஏக்கம் என்று நாம் சொல்வது அதைத்தான். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இரவு பதினோரு மணியிருக்கும். தொலைபேசி அழைத்தது. வளைகுடாவுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலைக்குப் போய் நான்கு மாதம் ஆகியிருந்த எங்கள் பங்கு இளைஞன். வயது 22.

"ஃபாதர், என்னால முடியல. ஊருக்கு வந்துறட்டுமா?"

"வேலை ரொம்பக் கஷ்டமா தம்பி?"

"இல்ல ஃபாதர்."

"சம்பளம் வருதா?"

"சரியா வருது ஃபாதர்."

"பிறகு என்ன?"

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்: "தெரியல ஃபாதர். படுத்தா நம்ம கோயில் மணி அடிக்கிற மாதிரியே கேக்குது. எந்திரிச்சு உக்காந்துர்றேன்."

எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "ரெண்டே வருசம்தான் தம்பி. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும். பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு." செபம் சொல்லி, ஆசீர்வதித்து, தொலைபேசியை வைத்தேன். நல்ல ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியும் விட்டேன்.

ஏழாவது மாதம் அவன் திரும்பி வந்துவிட்டான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டியோடு நின்றது. அம்மாவின் நகை அடகுக் கடையில் இருந்தது. ஊரில் கேலி வேறு. ஒரு மாலை வந்து என்னைப் பார்த்தபோது அவன் சொன்னது இது: "நீங்க ரெண்டு வருசம்னு சொன்னீங்க ஃபாதர். அதனால காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சுக்கிட்டே வந்தேன். பெட்டியைக்கூடப் பிரிக்கல. கட்டிலுக்கு அடியில பூட்டியே வெச்சிருந்தேன். வேணுங்கிறதை எடுத்துட்டுத் திரும்பப் பூட்டிருவேன்."

ஏழு மாதமாகப் பிரிக்கப்படாத அந்தப் பெட்டி என் மனதை விட்டு அகலவில்லை. அவனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நெடுநாள் யோசித்தேன். யோசித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊர் ஏக்கம் கோழைத்தனம் அல்ல. "செல்லமா வளர்ந்த பிள்ளை" என்ற குறையும் அல்ல. 1688-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவ மாணவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் படித்த யோகான்னஸ் ஹோஃபர் என்பவர் அவர். வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து, இந்தத் துன்பத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். இன்று பழைய நினைவுகளைச் சொல்லப் பயன்படும் அந்தச் சொல், பிறந்தபோது ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது.

பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞனைப் பற்றி அவர் எழுதுகிறார். அவன் நாளுக்கு நாள் மெலிந்து, காய்ச்சல் கண்டு, பிழைக்கமாட்டான் என்ற நிலைக்குப் போய்விட்டான். கடைசியில் அவனை ஊருக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்தார்கள். வீடு போய்ச் சேரும் முன்பே, வழியிலேயே அவன் தேறத் தொடங்கிவிட்டான். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். நம் பிள்ளைகளோ கடல் தாண்டிப் போகிறார்கள்.

மனம் ஏன் இப்படி வாடுகிறது? மானுடவியல் அறிஞர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு எளிய விளக்கம் தந்தார். எப்போது கைகொடுப்பது, எப்படி வணக்கம் சொல்வது, எதற்குச் சிரிப்பது, கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று ஆயிரம் சின்னச் சின்ன அடையாளங்களைப் பிடித்துக்கொண்டுதான் நாம் சொந்த ஊரில் நடமாடுகிறோம். பிடித்திருப்பதே நமக்குத் தெரியாது. அயல்நாட்டில் கால் வைத்ததும் அவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. கரையில் நன்றாக நடப்பவரும் தண்ணீரில் தடுமாறுவதுபோல, கெட்டிக்காரர்களும் அங்கே தடுமாறுகிறார்கள்.

இதற்கு நானே சாட்சி. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் இறையியல் மேற்படிப்புக்காக உரோமை நகருக்குப் போனேன். முதல் மாதம் ஒரே திருவிழாதான். பேதுரு பேராலயம், கொலோசியம், புனிதர்களின் கல்லறைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஊருக்குக் கடிதம் எழுதினேன். டிசம்பர் வந்தது. மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. பாஸ்தாவும் பாலாடைக்கட்டியும் தொண்டையில் இறங்க மறுத்தன. வகுப்பில் பேராசிரியர், "புரிந்ததா?" என்று கேட்டபோது, நம் ஊர் வழக்கப்படி பக்கவாட்டில் தலையை ஆட்டினேன். புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து விளக்கினார். மீண்டும் கேட்டார். மீண்டும் ஆட்டினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆமாம் என்று தலையாட்டக்கூடத் தெரியாதவனாக ஆகிவிட்டேனே என்ற அழுகை அது. ஒரு நாள் பியாட்சா வித்தோரியோ சந்தை வழியாக நடந்தபோது, எங்கிருந்தோ சீரக வாசம் வந்தது. நட்ட நடுச் சந்தையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குருப்பட்டம் பெற்றவன், முப்பது வயதை எட்டியவன்!

முதலில் தேனிலவு போன்ற மகிழ்ச்சி, பிறகு சரிவு, பிறகு மெல்ல மெல்லத் தேறுதல், கடைசியில் பழகிப்போதல் என்று இதை நான்கு கட்டங்களாக ஓபெர்க் பிரித்தார். எல்லோருக்கும் இதே வரிசையில் வரும் என்பதில்லை. பின்வந்த ஆய்வாளர்கள் அதையும் எடுத்துக்காட்டினார்கள். சிலருக்கு முதல் நாளே சரிவுதான். ஆனாலும் மூன்றாம் மாதம், நான்காம் மாதம் மனம் உடைந்து பேசுகிற பிள்ளைக்கு, "இது உனக்கு மட்டும் வந்ததில்லை, இதைத் தாண்டிப் போனவர்கள் நிறையப் பேர்" என்று சொல்ல இந்த அறிவு உதவும். அன்று இரவு என்னிடம் இந்தச் சொல்கூட இருக்கவில்லை.

அன்பானவர்களே, இப்போது திருவிவிலியத்துக்கு வருவோம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன், நெபுகத்னேசர் மன்னர் எருசலேமின் மக்களில் ஒரு பெருங்கூட்டத்தைப் பாபிலோனுக்கு நாடு கடத்தினார். நம் பிள்ளைகளைப்போல அவர்கள் விசா எடுத்துப் போனவர்கள் அல்லர், கைதிகளாகப் போனவர்கள். ஆனால் அயல்மண்ணில் அவர்கள் பட்ட ஏக்கம் நமக்குத் தெரிந்த ஏக்கம்தான். அந்த ஆற்றங்கரைகளில் அமர்ந்து அழுததையும், யாழ்களை மரங்களில் தொங்கவிட்டதையும் திருப்பாடல் 137 நினைவுகூர்கிறது.

அந்த நேரத்தில் எருசலேமில் அனனியா என்றோர் இறைவாக்கினர் எழுந்தார். எரேமியா நூல் 28-ஆம் அதிகாரத்தில் அவரைப் பார்க்கிறோம். கடத்தப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அவர் முழங்கினார். அதற்கு அவர் குறித்த காலம் எவ்வளவு தெரியுமா? இரண்டே ஆண்டுகள்!

இதைப் பலமுறை வாசித்தவன்தான் நான். ஆனால் அந்த இளைஞன் திரும்பி வந்த பிறகு வாசித்தபோது, ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டேன். அன்று இரவு நான் பேசியது அனனியாவின் பேச்சு. கேட்க இனிமையான பேச்சு. "கொஞ்ச நாள்தான், இப்போது நீ வாழவேண்டாம், பொறுத்துக்கொண்டு மட்டும் இரு" என்று சொல்லும் பேச்சு. அது பெட்டியைப் பிரிக்க விடாது.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்கிறார். தோட்டம் போட்டு அதன் கனிகளை உண்ணச் சொல்கிறார். திருமணம் செய்யவும், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைக்கவும் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனுக்காகவே மன்றாடச் சொல்கிறார். திரும்பி வருவது உறுதி என்கிறார். ஆனால் அது இரண்டு ஆண்டுகளில் அல்ல, எழுபது ஆண்டுகளில் என்கிறார்.

அம்மக்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்தும் சான்று கிடைத்திருக்கிறது. பாபிலோன் நாட்டுக் களிமண் பலகைகளில் 'அல்-யாகூது' என்றோர் ஊரின் பெயர் வருகிறது. 'யூதாவின் ஊர்' என்று பொருள். அங்கே யூதர்கள் நிலம் உழுததும், வரி கட்டியதும், கடன் கொடுத்து வாங்கியதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. மாதங்களின் பெயர்களைக்கூட அவர்கள் பாபிலோனியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நீசான் என்று விவிலியத்தில் வாசிக்கிறோமே, அது அங்கிருந்து வந்த பெயர்தான். ஆனாலும் அவர்கள் எருசலேமை மறந்துவிடவில்லை. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் தோட்டம். இரண்டையும் ஒரே மக்கள்தான் செய்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். ஊரை நினைத்து அழுவதில் தவறில்லை. ஆனால் இருக்கும் இடத்தில் ஒரு செடியாவது நட்டிருக்க வேண்டும். அழுகை மட்டும் இருந்தால் பிள்ளை உடைந்துபோவான். தோட்டம் மட்டும் இருந்தால் வேரை மறந்துபோவான்.

நம் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பாருங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், இரு மொழியும் அறிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு, செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்தார். நாக்கு புரளாத மொழியில் நம் முன்னோருக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தார். அது அவர் போட்ட தோட்டம். பின்னர் 1546-இல், இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி சொல்கிறார். அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கையொப்பத்தை வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாகவும், அதில் தமக்குப் பெரும் ஆறுதல் கிடைப்பதாகவும். இவ்வளவு பெரிய புனிதருக்கும் நண்பர்களின் கையெழுத்து தேவைப்பட்டது. உங்கள் பிள்ளை அம்மாவின் புகைப்படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் அது பலவீனமா?

இனி, புறப்படப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள்.

போய்ச் சேர்ந்த முதல் இரவே பெட்டியைப் பிரியுங்கள். எட்டுப் பேர் தங்கும் அறையாக இருக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது ஓர் அடுக்குக் கட்டிலும் ஒரு சுவர் மூலையும்தான் என்றும் இருக்கலாம். அந்த மூலையில் ஒரு படம், ஒரு செபமாலை, வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு தலையணை உறை இருக்கட்டும். அதுதான் உங்கள் வீடு.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் கற்றுக்கொள்ளுங்கள். அரபு நாட்டில் நன்றிக்கு 'ஷுக்ரன்' என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் முகம் மலரும். நான் இத்தாலிய மொழியை வகுப்பறையைவிடச் சமையலறையில்தான் அதிகம் கற்றேன். எங்கள் இல்லத்தில் சமைத்த வயதான அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பேன். கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி 'மெலன்சானா' என்பார். நான் 'கத்தரிக்கா' என்பேன். அவரும் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார். பிப்ரவரி மாதத்துக்குள் எனக்கு அந்த ஊரில் ஒரு பாட்டி கிடைத்துவிட்டார். சரிவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது அந்தச் சமையலறைதான்.

வீட்டோடு பேச ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குவைத், கத்தார், சவூதியில் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். துபாயில் ஒன்றரை மணி. அங்கே இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து நீங்கள் அழைத்தால், குவைத்திலிருந்து என்றால் இங்கே பத்தரை. அப்பா அம்மா தூக்கத்தில் எழுந்து பேசுவார்கள். உங்களுக்கும் பேசிய நிறைவு இருக்காது. நான் உரோமையில் இருந்தபோது ஒரு போன் கார்டு வாங்கி மாதத்துக்கு இருமுறை பேசினாலே பெரிது. இன்று வீடியோ காலை அணைக்காமலே தூங்குகிறார்கள். அது ஆறுதல்தான். ஆனால் ஓய்வு நேரம் முழுவதும் கைபேசியில் ஊரிலேயே இருந்தால், இருக்கும் இடத்தில் கால் பதியவே பதியாது.

வார விடுமுறையைத் தூங்கிக் கழிக்காதீர்கள். ஒரு நடை போங்கள். ஒரே வழியில் நான்கு முறை நடந்தால் அது உங்கள் தெரு ஆகிவிடும். கோயில் இருக்கும் நாடென்றால் தேடிப் போங்கள். வளைகுடாவின் பல கோயில்களில் வெள்ளிக்கிழமையிலும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது; ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். நம் மொழி பேசும் நண்பர் ஒருவர், வேற்று மொழி நண்பர் ஒருவர், அங்கே பல ஆண்டு இருந்து பழகிய பெரியவர் ஒருவர் என்று மூன்று பேர் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். பேச்சைப் பணத்தில் தொடங்காதீர்கள். "எப்ப வருவே?" என்பதிலும் தொடங்காதீர்கள். ஆடு குட்டி போட்டது, நேற்று மழை பெய்தது, இன்று என்ன மீன் கிடைத்தது, எதிர்வீட்டில் என்ன சண்டை என்று சாதாரணச் செய்திகளைச் சொல்லுங்கள். அவர்கள் ஏங்குவது இவற்றுக்குத்தான். அழுதால், "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று அடக்காதீர்கள். அழட்டும். பிறகு, "இன்னைக்கு என்ன சமைச்சே? பக்கத்துக் கட்டில்காரர் எந்த ஊரு?" என்று கேளுங்கள். அவன் கண்ணை அவன் இருக்கும் இடத்துக்குத் திருப்புங்கள்.

இங்கே மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. எல்லா அழுகையும் ஊர் ஏக்கம் அல்ல. சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள், பெண் பிள்ளையிடம் தவறாக நடக்கிறார்கள் என்றால் அது அநீதி. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது பாவம். உடனே அங்குள்ள இந்தியத் தூதரகத்தை நாட வேண்டும். அதுபோல, வாரக்கணக்கில் தூக்கமில்லை, உணவு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று பேசினால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். தனியே விடாதீர்கள், உடன் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். திரும்பி வரவேண்டிய நிலை என்றால் வரட்டும். கடனைவிட, நகையைவிட, பிள்ளை பெரியவன். வந்தவனைக் கேலி செய்யாத ஊராக நம் ஊர் இருக்கட்டும்.

அந்த இளைஞனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன், "விடுங்க ஃபாதர்" என்று சிரித்தான். இரண்டு ஆண்டுகள் உள்ளூரிலேயே வேலை பார்த்து நகையை மீட்டான். பிறகு மறுபடியும் வெளிநாடு புறப்பட்டான். ஆசீர் வாங்க வந்தபோது, இந்த முறை எத்தனை வருடம் என்று நான் சொல்லவில்லை. பெட்டியின்மேல் கை வைத்துச் செபித்துவிட்டு, "போன அன்னைக்கே பிரிச்சிரு தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துக் கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். காலிப் பெட்டி அலமாரிக்கு மேலே இருந்தது. சன்னல் ஓரத்தில் ஒரு பெயிண்ட் டப்பா. அதில் புதினா துளிர்த்திருந்தது. சமையலுக்கு வாங்கிய கட்டில் மீந்த தண்டை ஊன்றி வைத்தானாம். எரேமியாவின் கடிதத்தை நான் அவனுக்கு வாசித்துக் காட்டியதில்லை.

செபிப்போம். எகிப்துக்குத் தப்பியோடி அந்நிய மண்ணில் குழந்தையாக வாழ்ந்த ஆண்டவரே, இன்று இரவு எங்கோ ஓர் அறையில் விழித்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் அருகில் இரும். அவர்களின் கண்ணீரைத் துடையும். அவர்கள் இருக்கும் ஊருக்கும் அமைதி தாரும். ஆமென்.